கொழும்பில் இருந்துகொண்டே டோக்காய் வைனைப் படிப்படியாக அறிந்துகொள்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

இனிப்பு வைன் என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடும். கிறிஸ்மஸ் நேரத்தில் யாரோ ஊற்றித் தந்த சீனித் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வரும். "எனக்கு ட்ரை போதும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அப்படிச் சொல்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன், ஏனென்றால் டோக்காய் அவர்களுக்குத்தான் அதிகம் பிடிக்கும் என்று நான் நம்புகிறேன்.

டோக்காய் ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில் இருக்கிற ஒரு சின்ன வட்டாரம். 27 ஊர்கள், ஐயாயிரத்துச் சொச்சம் ஹெக்டேயர் திராட்சைத் தோட்டம், அவ்வளவுதான். அந்தப் பெயரில் வருவது எல்லாமே வெள்ளை வைன். நாக்கு கூசும் அளவுக்கு இனிப்பே இல்லாத ட்ரை வைனிலிருந்து கரண்டியில் எடுத்துக் குடிக்கிற பாகு வரைக்கும், ஒரே மலையடிவாரத்தில், பெரும்பாலும் ஒரே திராட்சையிலிருந்து எடுக்கிறார்கள். இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு விரிவு இருப்பதால்தான், வைன் பழக விரும்புகிற யாருக்கும் நான் முதலில் இந்த வட்டாரத்தைச் சொல்வது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்காயின் உயிர் அதன் புளிப்பில் இருக்கிறது. இனிப்பு கண்ணுக்கு முன்னால் நிற்கும், விலையும் இனிப்புக்குத்தான் ஏறும், ஆனால் புளிப்பைப் பிடித்துக்கொண்டு போனால்தான் வழி தெரியும். அதனால் கீழே சொல்கிற வரிசையை மாற்றாதீர்கள்: ட்ரை முதலில், நடுத்தர இனிப்பு அடுத்து, பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழத்தில் செய்கிற இனிப்பு வைனான அசூ கடைசியில்.

இடமும் பூஞ்சையும்

பூடபெஸ்டிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 230 கிலோமீற்றர். செம்ப்ளேன் மலைத்தொடரின் தெற்குச் சரிவுகளில் தோட்டங்கள். ஒரு காலத்தில் எரிமலைகள் குமுறிய மண் இது. ரையோலைட், ஆண்டிசைட், எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பாறை எல்லாம் கலந்து கிடக்கும், டோக்காய் ஊருக்கு மேலேயுள்ள மொட்டை மலையில் மட்டும் காற்று கொண்டுவந்து சேர்த்த மஞ்சள் லோஸ் மண் படிந்திருக்கிறது. லோஸில் வளர்ந்த கொடியின் வைன் கொஞ்சம் மென்மையாக, மணம் தூக்கலாக இருக்கும். எரிமலைப் பாறையில் வளர்ந்தது இறுக்கமாக, நாக்கில் உப்புத் தடவியதுபோல முடியும். முதல் போத்தலிலேயே இந்த வித்தியாசத்தைத் தேட வேண்டாம், மூன்று நான்கு போத்தலுக்குப் பிறகு தானாக விளங்கும்.

டோக்காய் ஊரில் போட்ரோக் ஆறு டிசா ஆற்றோடு கலக்கிறது. இலையுதிர் காலத்தில் காலையில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழும்பித் தோட்டங்களை மூடும், மத்தியானம் வெயிலும் காற்றும் வந்து அதைக் கலைத்துவிடும். இந்த ஈரமும் உலர்வும் மாறி மாறி வந்தால்தான் பொட்ரைடிஸ் சினெரியா என்ற பூஞ்சை நல்லபடியாக வேலை செய்யும். ஈரம் மட்டுமே நீடித்தால் அதே பூஞ்சை பழத்தை அழுக வைத்துவிடும், விவசாயிக்கு நட்டம். வெயில் சரியாகக் கிடைத்தால் பூஞ்சை தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட, பழத்திலுள்ள நீர் ஆவியாகி, சீனியும் புளிப்பும் மணமும் உள்ளேயே செறிந்து நிற்கும்.

மாட் என்ற ஊரில் ஒரு தோட்டத்தில் நின்று அப்படியான பழம் ஒன்றை வாயில் போட்டிருக்கிறேன். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஊதாவும் பழுப்புமாகச் சுருங்கி, மேலே சாம்பல் தூவியதுபோலப் பூஞ்சை ஒட்டிக்கொண்டு, விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அதே குலையில் பக்கத்துப் பழம் இன்னும் பச்சை மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. கடித்தால் முதலில் தேன், அடுத்த நொடி தேசிக்காய் அளவுக்குப் புளிப்பு, பிறகு தோலில் ஒரு இலேசான கசப்பு. போத்தலில் வரப்போகிறது எல்லாம் அந்த ஒரு பழத்திலேயே இருந்தது. பழம் எல்லாம் ஒரே நேரத்தில் இப்படி ஆகாது என்பதால் ஆட்கள் அதே தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், குலையை விட்டுவிட்டுச் சுருங்கிய பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குகிறார்கள். நாள் முழுக்க நின்றாலும் ஒருவருக்குச் சில கிலோதான் தேறும். விலை ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதை யார் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1630 வாக்கில் செப்ஷி லட்ஸ்கோ மாட்டே என்ற போதகர், துருக்கியரின் தாக்குதலுக்குப் பயந்து அறுவடையைத் தள்ளிப்போட, பழங்கள் கொடியிலேயே சுருங்கி, முதல் அசூ பிறந்தது என்று. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1571ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே அசூ வைன் குறிப்பிடப்பட்டிருக்கிறது, ஆகவே போதகருக்கு முன்பே ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கிறது. 1737இல் அரச ஆணை போட்டு இந்த வட்டாரத்துக்கு எல்லை குறித்தார்கள். உலகிலேயே மிகப் பழைய வைன் எல்லைகளில் இதுவும் ஒன்று. 2002இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஆறு திராட்சை, இரண்டின் பெயர் போதும்

அனுமதிக்கப்பட்டவை ஆறு: ஃபுர்மின்ட், ஹார்ஷ்லெவெலூ, மஞ்சள் மஸ்கட், ஸேட்டா, கபார், கெவேர்செலூ. இதில் முதல் இரண்டை மட்டும் இப்போதைக்கு ஞாபகம் வைத்திருங்கள். தோட்டத்தில் பாதிக்கு மேல் ஃபுர்மின்ட்தான். பிந்திப் பழுக்கும், புளிப்பு அதிகம், பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். டோக்காய்க்கு வேண்டிய மூன்று குணமும் ஒரே கொடியில். ஹார்ஷ்லெவெலூ மணத்துக்கு, பூவும் தேனுமாக இருக்கும். மஸ்கட் கொஞ்சம் சேர்த்தாலே மணம் தூக்கும். மற்ற மூன்றையும் லேபிளில் பார்த்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கொழும்பில் வாங்குவது

இதில்தான் பொறுமை வேண்டும். டோக்காய் எல்லாக் கடையிலும் நிற்கிற சரக்கு அல்ல. அனுமதியுள்ள பெரிய சுப்பர்மார்க்கட்டுகளின் வைன் பகுதி, வைன் மட்டும் இறக்குமதி செய்து விற்கும் கடைகள், கொள்ளுப்பிட்டி, காலிமுகப் பக்கத்து நட்சத்திர ஹோட்டல்களின் வைன் பட்டியல், இந்த மூன்றிலும் கேட்டுப் பாருங்கள். இறக்குமதியாளரிடம் நேரே பேசினால் அடுத்த தடவை கொண்டுவரும் சரக்கில் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்வதும் உண்டு, நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுக்காரரிடம் சொல்லி விடுவது நம்ம ஊர் வழக்கம், இதற்கும் அதுவே சிறந்த வழி. கட்டுநாயக்காவில் சுங்கம் விடுகிற அளவை அவர் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரி சேர்ந்ததும் இங்கே விலை நன்றாகவே ஏறிவிடும், ஆகவே ஒரு போத்தலை ஆறு பேர் பங்கு போட்டுக் குடிப்பதுதான் புத்தி. அசூ அரை லீற்றர் போத்தலில்தான் பெரும்பாலும் வரும், ஆனால் ஆறு எட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்க மாட்டார்கள், போயா நாளில் கடை பூட்டு. ஞாயிறு விருந்து வைத்து, அன்றைக்கே போயா என்றால் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

கடையில் போத்தலைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது லேபிளை அல்ல, தக்கையை. கொழும்பு வெக்கை வைனுக்குப் பெரிய எதிரி. தக்கை மேலே தள்ளிக்கொண்டிருந்தால், கழுத்தில் ஒழுகிக் காய்ந்த தடம் இருந்தால், கழுத்துக்குக் கீழே வைன் இறங்கியிருந்தால், அந்தப் போத்தல் எங்கேயோ சூட்டில் கிடந்திருக்கிறது, வேண்டாம். கண்ணாடி யன்னல் பக்கம், பிரகாசமான விளக்குக்குக் கீழே மாதக்கணக்கில் நின்ற போத்தலையும் விட்டுவிடுங்கள், அசூப் போத்தல் நிறமற்ற கண்ணாடி என்பதால் வெளிச்சம் நேரே உள்ளே போகும். அசூவுக்கு இனிப்பும் புளிப்பும் இருப்பதால் ஓரளவு தாங்கும், ட்ரை ஃபுர்மின்ட் தாங்காது.

லேபிளில் தேட வேண்டியவை சில. "சாராஸ்" என்றிருந்தால் ட்ரை, "ஏடெஷ்" என்றிருந்தால் இனிப்பு. "டூலூ" என்ற சொல் ஒரு தோட்டத்தின் பெயரோடு வந்தால் அந்த ஒரு தோட்டத்துப் பழம் மட்டும் என்று அர்த்தம். அசூ என்றால் பக்கத்தில் 5 அல்லது 6 என்ற எண்ணும் "புத்தொன்யோஷ்" என்ற சொல்லும் இருக்கலாம், அதைப் பிறகு விளக்குகிறேன். பழைய புத்தகங்களில் பிரான்ஸின் அல்சாஸ் வட்டாரத்து டோக்கே, இத்தாலியத் தொக்காய் என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள், அவை வேறு திராட்சை. 2007க்குப் பிறகு அந்தப் பெயரை அவர்கள் போட முடியாது, ஆகவே இப்போது குழப்பம் இல்லை.

முதல் போத்தல்: ட்ரை ஃபுர்மின்ட்

ஹங்கேரியில் கம்யூனிச ஆட்சியின் அரசு பண்ணைக் காலம் முழுக்க டோக்காய் என்றால் இனிப்புதான், அதுவும் எண்ணிக்கைக்காகச் செய்த இனிப்பு. 1990க்குப் பிறகு தனியார் வந்தார்கள். ரோயல் டோக்காயி என்ற நிறுவனம் 1990இல் தொடங்கியது, ஸ்பானிய நாட்டு வேகா சிசிலியா வைன் பண்ணையின் உரிமையாளர் குடும்பம் ஒரேமுஸ் பண்ணையை எடுத்தது, பிரெஞ்சுக் காப்புறுதி நிறுவனம் ஒன்று டிஸ்னோக்கூ பண்ணையில் முதலிட்டது. இவர்களோடு தலைமுறை தலைமுறையாக அங்கேயே வைன் செய்துவந்த செப்ஷி இஷ்ட்வான், மாட் ஊரின் ஊராக்யா என்ற ஒற்றைத் தோட்டத்திலிருந்து 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஒரு ட்ரை ஃபுர்மின்ட் செய்தார். இந்த மண்ணின் ட்ரை வைனும் பெரிய வைன்தான் என்று மற்றவர்கள் நம்பத் தொடங்கியது அதிலிருந்துதான். என்னைக் கேட்டால் அசூவைவிட அந்த முடிவுக்குத்தான் அதிகம் துணிவு வேண்டியிருந்திருக்கும்.

போத்தலை பிரிட்ஜில் வைத்து, குடிப்பதற்குப் பத்து நிமிடம் முன் வெளியே எடுங்கள். பத்துப் பன்னிரண்டு பாகைதான் நமக்கு வேண்டும், நம் பிரிட்ஜ் நாலைந்து பாகையில் நிற்கும், நம் அறையோ முப்பது, ஆகவே பத்து நிமிடம் காணும். வாய் அகலமான கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். முதலில் மணம்: பச்சை அப்பிள், பியர்ஸ், தேசிக்காய்த் தோல், சிலவற்றில் நெருப்புக்கல் உரசியதுபோல ஒரு புகை. ஓக் பீப்பாயில் வைத்ததென்றால் வெண்ணெய்யும் வனிலாவும் சேரும். பிறகு ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கின் இரண்டு ஓரத்தையும் கவனியுங்கள். அந்த இடத்தில் எச்சில் ஊறுகிறதே, அதுதான் ஃபுர்மின்டின் புளிப்பு. எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அசூ வரைக்கும் நீங்கள் தேடப்போவது இதையேதான், இனிப்பு மேலே ஏற ஏற இது கீழே எங்கே நிற்கிறது என்பதைத்தான்.

கூடச் சாப்பிட: உப்பும் மிளகும் மட்டும் போட்டுப் பொரித்த கணவாய், தேசிக்காய் பிழிந்த பாரை மீன், இறால் வதக்கல். உறைப்பு அதிகமான குழம்போடு ட்ரை வைன் வேண்டாம், மிளகாயின் எரிச்சலை அல்கஹோல் தூக்கிவிடும், புளிப்பும் கடுமையாகத் தெரியும்.

நடுப் படி

நிறையப் பேர் தாவிவிடுகிற படி இது. ட்ரை குடித்துவிட்டு நேரே அசூவுக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். பிந்திய அறுவடை வைன், இனிப்பு சமொரொட்னி, ட்ரை சமொரொட்னி என்று மூன்று இருக்கின்றன, இவற்றில் முதல் இரண்டு நம் ஊர் வாய்க்கு மிக நெருங்கியவை.

பிந்திய அறுவடை வைனில் பூஞ்சை பிடித்த பழமும் கொடியிலேயே நன்றாகப் பழுத்த பழமும் கலந்திருக்கும். பீப்பாயில் நீண்ட நாள் வைப்பதில்லை, ஆகவே புத்தம் புதிய பழ மணம், விலையும் அசூவில் ஒரு பங்குதான். சமொரொட்னிக்குக் குலையைப் பிரிப்பதே இல்லை, சுருங்கிய பழமும் சுருங்காததுமாகக் குலையோடு எடுத்துப் பிழிவார்கள். இனிப்பு வகையில் லீற்றருக்கு 45 கிராமாவது சீனி இருக்க வேண்டும் என்பது விதி, பல போத்தல்களில் அதைவிட நன்றாகவே அதிகம்.

ட்ரை சமொரொட்னி தனி உலகம். பீப்பாயை நிரப்பாமல் விட்டு, வைனின் மேல் ஈஸ்ட் படலம் ஒன்று பிடிக்க விடுவார்கள். ஸ்பானிய நாட்டு ஷெரி வைன் குடித்தவர்களுக்கு அந்த மணம் தெரியும்: வால்நட், உப்பு, காய்ந்த அப்பிள். வறுத்த கஜுவோடு எடுத்தால் அருமை. எல்லோருக்கும் பிடிக்காது, முதல் தடவை பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

உறைப்புக் கறிக்கு இந்தப் படியில்தான் விடை இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை இரவு, யாழ்ப்பாண முறையில் முருங்கை இலை போட்டு வைத்த நண்டுக் குழம்போடு நன்றாகக் குளிர்ந்த பிந்திய அறுவடை ஃபுர்மின்டை வைத்தோம். சீனி உறைப்பை அமர்த்தியது, புளிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பை வெட்டியது, நண்டின் இயல்பான இனிப்பு தனியாகத் தெரிந்தது. மச்சான் ஒருவர், வைன் என்றால் சிவப்பு மட்டும் குடிக்கிறவர், "அண்ணை, இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று இரண்டாவது கிளாஸை நீட்டினார். டெவல் இறாலோடும், லம்ப்ரைஸோடும் இதே போத்தலைத் தைரியமாக வையுங்கள்.

அசூ

செய்முறை தெரிந்தால் குடிப்பது சுலபம். பொறுக்கிய பழங்களைத் தனியே சேர்த்து வைப்பார்கள். மற்றப் பழத்தில் எடுத்த சாறிலோ, நொதித்துக்கொண்டிருக்கும் சாறிலோ, முடிந்த வைனிலோ அந்தப் பழங்களை ஒன்றிரண்டு நாள் ஊற வைத்து, பிழிந்து, ஓக் பீப்பாயில் மெதுவாக நொதிக்க விடுவார்கள். டஃப் பாறையைக் குடைந்த நிலவறைகள் ஆண்டு முழுக்கப் பத்துப் பன்னிரண்டு பாகையில் நிற்கும். சுவர் முழுக்கக் கறுப்பு வெல்வெட் மாதிரி ஒரு பூஞ்சை படர்ந்திருக்கும், அது பழத்தின் பூஞ்சை அல்ல, வைனிலிருந்து எழும் ஆவியில் வாழ்கிற வேறு இனம். குறைந்தது 18 மாதம் பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது விதி.

எண் எங்கிருந்து வந்தது என்றால்: 136 லீற்றர் கொள்ளும் பீப்பாய் ஒன்றுக்கு, ஏறத்தாழ 25 கிலோ பிடிக்கிற முதுகுக்கூடையில் எத்தனை கூடை அசூப் பழம் போட்டார்கள் என்ற கணக்கு. கூடைதான் புத்தொன். இன்றைக்கு ஆய்வுகூடத்தில் சீனியை அளந்துதான் எண் போடுகிறார்கள். முன்பு 3, 4, 5, 6 என்று நான்கு படி: லீற்றருக்கு 60, 90, 120, 150 கிராம். 2013 அறுவடையிலிருந்து 3, 4 இரண்டையும் எடுத்துவிட்டார்கள், அசூ என்று போட்டால் 120 கிராமாவது இருக்க வேண்டும், 6 போட 150 வேண்டும். ஆகவே 3 என்று போட்ட போத்தல் கிடைத்தால் அது 2013க்கு முந்தியது. பத்திரமாக வைத்திருந்தார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

சாதாரண கோலா பானம் லீற்றருக்கு 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அசூ அதைவிட இனிப்பு. ஆனாலும் தித்திக்கவில்லை, ஏனென்று கேட்டால் மறுபடியும் அந்தப் புளிப்புதான். பூஞ்சை நீரை இழுக்கும்போது சீனியோடு புளிப்பும் சேர்ந்தல்லவா செறிகிறது. ஊரில் பழப்புளியையும் பனங்கட்டியையும் பிசைந்து உருட்டி வாயில் அடக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்தும்.

எப்படிக் குடிப்பது: 11 முதல் 13 பாகை. பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் விடுங்கள். மிகச் சின்ன மதுக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள், வெள்ளை வைன் கிளாஸிலேயே 50, 60 மில்லி ஊற்றுங்கள், மணம் சுழல இடம் வேண்டும். கிளாஸைச் சரித்துப் பிடித்தால் பக்கத்தில் எண்ணெய்போல வழிந்து இறங்கும். மணத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் உலர்ந்த அப்ரிகாட், தோடம்பழ மர்மலேட், தேன். ஒரு நிமிடம் கழித்து இஞ்சி, குங்குமப்பூ, தேயிலை. இன்னும் கொஞ்சம் சூடேறினால் காளான் வாடை இலேசாக, அதுவும் பூஞ்சை தந்ததுதான். குடித்த பிறகு வாயை மூடிக்கொண்டு மூச்சை மூக்கால் விடுங்கள். நல்ல அசூ ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும், கடைசியில் வாய் சுத்தமாக இருக்கும், பிசுக்கு ஒட்டாது. பிசுக்கு ஒட்டினால் அந்தப் போத்தலில் புளிப்புப் போதவில்லை என்று அர்த்தம், எண் 6 என்றிருந்தாலும் சரி.

6 எப்போதும் 5ஐவிடச் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். எனக்கு மேசையில் 5தான் அதிகம் பிடிக்கிறது, சாப்பாட்டோடு ஒத்துப்போகிறது. ஆண்டு பார்த்து வாங்க முடிந்தால் 1999, 2013, 2017 மூன்றும் நம்பிக்கையானவை. பழைய அரசு காலப் போத்தல்கள் காற்றுப் பட்டுப் பழுப்பேறியிருக்கும், அதுதான் உண்மையான டோக்காய் என்று வாதாடுபவர்கள் இன்னும் உண்டு. நான் புதிய முறையின் பக்கம்: பழம் பழமாகத் தெரிய வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு இருப்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 60 மில்லி 6 புத்தொன்யோஷில் 9 கிராமாவது சீனி, இரண்டு தேக்கரண்டிக்கு மேல். விருந்தில் அப்பாவுக்கு ஊற்றுமுன் அதை அவரிடம் சொல்லுங்கள், மருந்து எடுப்பவர் என்றால் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

எசென்சியா பற்றி இரண்டு வரி போதும். அசூப் பழங்கள் குவித்து வைத்திருக்கும்போது, யாரும் பிழியாமல், தங்கள் பாரத்தாலேயே சொட்டுகிற சாறு. லீற்றருக்கு 450 கிராமுக்குக் குறையாத சீனி, நொதிக்கவே ஆண்டுக்கணக்கு, அல்கஹோல் ஐந்து சதவீதத்தைத் தாண்டுவது அரிது. கரண்டியில் தருவார்கள். யாராவது தந்தால் மறுக்காதீர்கள், காசு கொடுத்து வாங்குவதைவிட அந்தக் காசுக்கு இரண்டு மூன்று நல்ல அசூ வாங்கலாம்.

எங்கள் இனிப்புகளோடு

ஒரே விதி: வைன் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். மீறினால் வைன் தண்ணீராகவும் புளிப்பாகவும் தெரியும். லட்டு, தொதல், கித்துள் பாணி ஊற்றிய தயிர் எல்லாம் இந்த விதியில் தோற்கும், வைக்க வேண்டாம். வட்டிலப்பம் வெல்லத்தைக் குறைத்துச் செய்தால் 6 புத்தொன்யோஷோடு நிற்கும், ஏலக்காயும் சாதிக்காயும் அசூவின் மசாலா மணத்தோடு நன்றாகச் சேரும். லவ் கேக் இன்னும் பொருத்தம், அதிலுள்ள கஜுவும் பூசணித் தோசியும் பன்னீரும் ஒவ்வொன்றாக எழும்பும், சின்னத் துண்டாக வெட்டுங்கள்.

ஆனால் அசூவை இனிப்புக்கென்றே ஒதுக்காதீர்கள். நீலச் சீஸ் ஒரு துண்டு, வெண்ணெய்யில் வதக்கிய கோழி ஈரல், உப்பும் மிளகும் போட்ட கஜு. உப்புத்தான் அசூவின் உண்மையான தோழன். விருந்தில் சாப்பாட்டுக்கு முன்பே ஈரலோடு 5 புத்தொன்யோஷ் கொடுத்துப் பாருங்கள்.

திறந்த பிறகு

ட்ரை ஃபுர்மின்ட் தக்கை போட்டு பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். அசூ மூன்று நாலு வாரம் தாராளமாக நிற்கும், சீனியும் புளிப்பும் காக்கும், ஆகவே ஒரே இரவில் முடிக்கிற கட்டாயம் இல்லை. திறக்காத போத்தலைக் குசினி அலுமாரியில் வைக்காதீர்கள், வைன் குளிரூட்டி இல்லையென்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டே கொழும்பில் பாதுகாப்பு. நல்ல அசூ சரியான குளிரில் பல பத்தாண்டு இருக்கும், ஆனால் அதற்கு நிலவறைக் குளிர் வேண்டும். நம் வீட்டில் சில வருடத்துக்குள் குடித்துவிடுவதே மேல்.

போய்ப் பார்க்க வாய்த்தால்

ஹங்கேரி ஷெங்கன் வலயத்துக்குள் வருவதால் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் பக்கம் உறவுக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் அதே விசாவில் போய் வரலாம். பூடபெஸ்ட் கெலெட்டி நிலையத்திலிருந்து ரயில், இரண்டரை மூன்று மணி நேரத்தில் டோக்காய். ஒக்டோபரில் போனால் அறுவடை நடக்கும். டோக்காய் ஊரைவிட மாட் ஊரில் தங்குவதை நான் சொல்வேன், சின்ன ஊர், ஆனால் சென்ட் டமாஷ், பெட்செக், நியுலாசோ, கிராய் தோட்டங்கள் எல்லாம் நடந்து போகிற தூரம், ஒரே உற்பத்தியாளரிடம் இரண்டு தோட்டத்து ட்ரை ஃபுர்மின்டை அடுத்தடுத்து வைத்துக் குடிக்கலாம். முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு நேரம் எடுங்கள், சின்னப் பண்ணைகளில் வைன் செய்கிறவரே வந்து கதவைத் திறப்பார். நிலவறைக்குள் குளிரும், சட்டைக்கு மேலே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், ஒரு நாளில் மூன்று இடம் போவதென்றால் வெட்கப்படாமல் துப்புங்கள், அங்கே யாரும் அதைத் தவறாக எடுக்க மாட்டார்கள். வாங்கிய போத்தலை உடுப்புக்குள் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள். இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், இங்கே கிடைக்காத ஒற்றைத் தோட்டத்து ட்ரை ஃபுர்மின்டைக் கொண்டுவாருங்கள்.